ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நானும் இருந்தேன்

தம்பி,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது இதை ஏற்கெனவே இரண்டு பேர் படித்திருப்பார்கள். பெற்ற மகனுக்கு எழுதியதை முதலில் அடுத்த வீட்டில் கொடுப்பாளா ஓர் அம்மா என்று கேட்பாய். கொடுப்பாள். ஏன் என்பது போகப் போகத் தெரியும். "கேள்விய முழுசா படிச்சிட்டுக் கையத் தூக்குங்க" என்று வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வாயே, அதையே இன்று உனக்குச் சொல்கிறேன். முழுசாகப் படி. கையை அப்புறம் தூக்கு. என் மேல் தூக்கினாலும் சரி.

அடுத்த சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி ஜொகூருக்குப் போகிறாய். இரண்டு வருஷம் தற்காலிக ஆசிரியராக இருந்து, இப்போது நிரந்தர வேலை. மற்ற அம்மாக்கள் இந்த நேரத்தில் புத்தி சொல்வார்கள்: நேரத்துக்குச் சாப்பிடு, கண்ட இடத்தில் படுக்காதே என்று. என் புத்தி எதையும் கேட்காமலே இருபத்தாறு வயது வரை நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறாய், இனிமேல் கேட்டுக் கெட்டுப்போக வேண்டாம். நான் சொல்ல வந்தது புத்தி இல்லை. நான் செய்த தப்பு. வாயால் சொல்லத்தான் நாலு தடவை உன் அறை வாசலுக்கு வந்தேன். வாயைத் திறந்தால் எனக்குக் கிண்டல்தான் வருகிறது. முதல் தடவை உன் துணிப்பெட்டியைப் பார்த்து, "என்னப்பா, ஜொகூர்ல சட்டையே விக்கிறதில்லையா?" என்றேன். நீ சிரித்தாய். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். மற்ற மூன்று தடவையும் இதே கதைதான். காகிதத்தில் எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால், பொதுக் கழிவறை வாசலில், காசு வாங்கும் ஒரு கூண்டு. முன்னால் ஒரு சின்ன ஜன்னல், பக்கத்தில் ஒரு காற்றாடி, மேசைமேல் டிஷ்யூப் பொட்டலம். காலை ஏழிலிருந்து மூன்று வரைக்கும் நான் அதற்குள். உலகத்தில் எல்லாருக்கும் அவசரம், எனக்கு மட்டும் அவசரமே இல்லை. எல்லாரும் உள்ளே போவார்கள், வெளியே வருவார்கள். நான் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நடுவில் இருப்பேன். பதினொரு வருஷமாக யார் விட்டுவிட்டுப் போன தமிழ்ப் பத்திரிகையானாலும் முதல் எழுத்திலிருந்து கடைசி இரங்கல் செய்தி வரைக்கும் படித்துவிடுவேன். எனக்கு இன்று ஒரு கடிதம் எழுத வருகிறதென்றால் அது பள்ளிக்கூடம் தந்ததில்லை, அந்தக் கூண்டு தந்தது.

பள்ளிக்கூடம் என்றதும் ஞாபகம் வருகிறது. சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்துப் பள்ளியில் எங்களுக்கு நாலு பேருக்கு ஒரு புத்தகம். அதை மேசை நடுவில் வைப்பார்கள். நான் குள்ளம், எனக்கு எப்போதும் எதிர்ப்பக்கம்தான். மூன்று பேர் நேராகப் படிப்பார்கள், நான் தலைகீழாகப் படிப்பேன். மூன்றாம் வகுப்போடு, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் எழுத்தைத் தலைகீழாகப் படிப்பதில் நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். இன்னும் வரும். சாப்பாட்டு மேசையில் நீ எனக்கு எதிரே உட்கார்ந்து என்ன எழுதினாலும், நிமிர்ந்து பார்க்காமலே எனக்குப் படிக்க வரும். இதை ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை. நீ பல்கலைக்கழகத்தில் படித்தபோது அந்தப் பெண்ணுக்கு எழுதிய பிறந்தநாள் அட்டையையும் அப்படித்தான் படித்தேன். அதை விடு.

இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ எனக்கு ஒரு லிங்க் அனுப்பினாய். "ம்மா, இது உங்க ஹென்போன்ல தொறக்குதான்னு பாருங்க. பிள்ளைங்க எல்லாரும் சேர்ந்து எழுதுற பலகை." திறந்தேன். வெறும் பலகை. "ஏதாவது எழுதுங்க" என்றாய். "சோறு ஆறுது, வா" என்று ஒரு விரலால் எழுதினேன். உன் கணினியில் அது மஞ்சள் துண்டாக வந்து ஒட்டிக்கொண்டது. நீ கை தட்டினாய். யார் எழுதியது என்று பெயர் காட்டாதா என்று கேட்டேன். "வேணும்னுதான் காட்டாம வச்சிருக்கேன்மா. பேரு தெரிஞ்சா கூச்சப்படுற பிள்ளைங்க எழுதாதுங்க" என்றாய். நல்ல மனசு உனக்கு. அந்த மஞ்சள் துண்டை அழித்தாய். என் கைப்பேசியில் இருந்த லிங்க்கை அழிக்கவில்லை. வகுப்பில் இருக்கிறவர்கள் மட்டும்தான் உள்ளே வர முடியும் என்று நீ நினைத்தாய். லிங்க் வைத்திருக்கிற எவரும் வரலாம் என்பதை, மூன்றாம் வகுப்பு படித்த நான் உனக்கு முன்னால் கண்டுபிடித்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை பத்து மணி. கூண்டில் ஈ ஓட்டிக்கொண்டு சும்மாதான் திறந்தேன். பார்த்தால் பலகை முழுக்கத் துண்டுகள்! பச்சை, நீலம், ஆரஞ்சு, என் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக வந்து ஒட்டுகின்றன. உன் கேள்வி மேலே: நம் வட்டாரத்தில் தண்ணீர் எப்படி வீணாகிறது? ஒரு பிள்ளை எழுதியதன் கீழே இன்னொன்று, "அது சரி, ஆனா அத எப்படி நிறுத்துறது?" என்று கேட்கிறது. மூன்றாவது ஒன்று படம் வரைந்து ஒட்டுகிறது. பதினெட்டுப் பிள்ளைகள் ஒரே புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்த மாதிரி, ஆனால் ஒருவருக்கும் தலைகீழ் இல்லை. எனக்கு அன்று என்ன ஆனது என்று கேட்காதே. ஒரு சீனக் கிழவர் ஜன்னலைத் தட்டி, காசை நீட்டியபடி நின்றிருக்கிறார், எனக்குக் கேட்கவே இல்லை. தண்ணீர் வீணாவதைப் பற்றி இந்தத் தீவில் என்னைவிடத் தெரிந்தவர் யார்? எழுதினேன்: "பொதுக் கழிவறையில் குழாயைத் திறந்தவர்களில் பாதிப் பேர் மூடுவதில்லை. மூடாதவர்கள் பெரியவர்கள்தான், பிள்ளைகள் இல்லை." கீழே உடனே ஐந்து பதில். "எங்க அப்பா மூட மாட்டார்!" என்று ஒன்று. சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ஒரு பிள்ளை பிரமாதமா ஒண்ணு எழுதுச்சும்மா, யாருன்னே தெரியல" என்றாய். நான் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே, "ஓ, அப்படியா" என்றேன். அந்த இரண்டு வார்த்தையில்தான் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அப்புறம் திங்களும் புதனும் பத்து மணிக்கு நான் உன் மாணவி. தாவரம் பற்றி எழுதினேன், கழிவு பற்றி எழுதினேன், தெரியாததைக் கேட்டேன், பிள்ளைகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று நான் ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பத்து, பதினொரு வயசுப் பிள்ளையிடம் கற்றுக்கொண்டேன். நன்றி என்று எழுதினேன். "ஓகே லா" என்று பதில் வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. நான்தான் வாய் சும்மா இராத ஜென்மமாயிற்றே.

ஒரு புதன்கிழமை உன் வகுப்பைப் பார்க்கக் கல்வி இலாகா அதிகாரி வந்திருந்தார். அது எனக்குத் தெரியாது. நீ என்னிடம் சொல்லியிருந்தாய், நான்தான் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துக்கொண்டு காதில் வாங்கவில்லை. உன் கேள்வி: வீட்டில் தண்ணீரைச் சேமிக்க ஒரு யோசனை சொல்லுங்கள். நான் எழுதினேன்: "நம்ம சார் குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டுப் பாடுவார். முதல் வரி மட்டும்தான் தெரியும். அதையே ஒன்பது தடவை பாடுவார். இரண்டாவது வரியை யாராவது அவருக்குச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு வாளி தண்ணீர் மிச்சம்." பலகை வெடித்தது போல் இருந்தது. சிரிக்கிற முகங்களாக வந்து குவிந்தன. நான் கூண்டுக்குள் தனியாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அங்கே வகுப்பில், பெரிய திரையில், அதிகாரிக்கு முன்னால் அது நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். நீ பாதிப் பாடத்தில் பலகையை அணைத்தாய். அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "பேனாவ மூடி வச்சிட்டாரும்மா. வகுப்புக் கட்டுப்பாடு போதாதுன்னு எழுதிட்டாரு" என்றாயே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் நீயே சொன்னாய்: "யாருன்னு எனக்குத் தெரியும்மா. நான் குளிக்கறப்ப பாடுறது எங்க வகுப்பில ஒருத்திக்குத்தான் கேக்கும்."

தர்ஷினி. நம் பிளாட்டில், நம் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெண். கலாவின் மகள். நீ கணக்குப் போட்டுவிட்டாய், விடையும் சரியாகத்தான் வந்தது. கணக்கில் ஓர் ஆளைச் சேர்க்க மறந்துவிட்டாய், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை இல்லை என்றது. நீ நம்பவில்லை. "அடிக்கல, திட்டலம்மா. ஒரே ஒரு தடவை 'நான்தான் சார்'னு சொன்னா போதும், மறந்துருவேன்" என்று என்னிடம் சொன்னாய். சொல்லும்வரை அவளுக்கு டேப்லெட் கிடையாது. பின்வரிசையில் தனி மேசை, ஒரு தாள், ஒரு பேனா. மற்றவர்கள் பலகையில் சேர்ந்து எழுத, அவள் மட்டும் தாளில் தனியாக எழுதி உன்னிடம் கொடுக்க வேண்டும். நான் திங்கட்கிழமை பத்து மணிக்குப் பலகையைத் திறந்து பார்த்தேன். எப்போதும் ஊதா நிறத் துண்டில் எழுதி மூலையில் ஒரு பூனை வரையும் பிள்ளை ஒன்று உண்டு. அன்று பூனை வரவில்லை. ஊதா வரவில்லை. அப்போதுதான் தெரிந்தது அது யார் என்று.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் மனசு கஷ்டப்படும், உன் மரியாதை போகும் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் மேல்பூச்சு. உண்மை இது: சொன்னால் லிங்க் போய்விடும். வாரத்தில் இரண்டு நாள், முக்கால் மணி நேரம், நான் அந்தக் கூண்டை விட்டு வெளியே வரும் வழி அது ஒன்றுதான். அந்தப் பிள்ளையின் பெயரைவிட எனக்கு அது பெரிதாக இருந்தது. நான் வெளியே இருப்பதற்காக அவளை உள்ளே வைத்துவிட்டேன். இதையும் எழுதிவிட்டேன் பார்.

அந்த வாரம் கலா மாடிப்படியில் என்னைப் பார்த்தாள். "பொண்ணு வாயத் தொறந்தா பொய்க்கா. சார் எவ்வளவு நல்லா கேக்குறாரு, ஒத்துக்க மாட்டேங்குது. ரெண்டு சாத்து சாத்திட்டேன்" என்றாள். "பிள்ளைய அடிக்காத கலா" என்றேன். எவ்வளவு நல்லவள் நான்! "நீங்க ரொம்ப எளக்காரம் குடுக்குறீங்கக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் நீ பிள்ளைகளின் நடத்தையை எழுதும் பெரிய நோட்டை வைத்துக்கொண்டிருந்தாய். நான் எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உன் பேனா போகப் போக நான் தலைகீழாகப் படித்தேன். தர்ஷினி. பலமுறை வாய்ப்பளித்தும் உண்மையை ஒப்புக்கொள்ளவில்லை. நேர்மை போதாது. அந்த நோட்டு பிள்ளைகளோடு ஆறாம் ஆண்டுக்குப் போகும் என்றும், மாணவர் தலைவர்களை அதைப் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்றும் நீதான் எனக்குச் சொன்னவன். "ஏம்மா அழறீங்க?" என்றாய். "வெங்காயம்டா" என்றேன். வெங்காயத்துக்கு வாய் இருந்தால் அன்று என்னைக் காறித் துப்பியிருக்கும்.

அப்புறம் செய்ததுதான் இன்னும் பெரிய கோழைத்தனம். மறுநாள் பலகையில், பெயரில்லாமலே எழுதினேன்: "அது தர்ஷினி இல்லை." அதற்குக் கீழே ஒருவரும் எழுதவில்லை. நீ என்ன நினைத்தாய்? அவள்தான் யாரோ ஒரு தோழியைப் பிடித்து எழுத வைத்துவிட்டாள் என்று. பலகையையே மூடிவிட்டாய். அடுத்த புதன் பத்து மணிக்கு என் கைப்பேசியில் வெள்ளைத் திரை, இந்தப் பக்கம் இப்போது இல்லை என்று ஒரு வரி. பதினெட்டுப் பேரும் தாளுக்குப் போனார்கள். பதினேழு பேரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். நான் அவளுக்குத் திறந்துவிட்ட கதவு அவள் முகத்திலேயே சாத்திக்கொண்டது.

நேற்று வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வந்தேன். நம் லிஃப்ட்டின் குணம் தெரியுமே. உள்ளே நான், பள்ளிப் பையோடு தர்ஷினி, வேறு யாரும் இல்லை. ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. மணியை அழுத்தினேன். யாரும் வரவில்லை. வழக்கமாக என்றால், "இன்னிக்கு ராத்திரிச் சோறு இங்கதான், பையில என்னம்மா இருக்கு?" என்று கேட்டிருப்பேன். நேற்று ஒன்றும் வரவில்லை. ஓட இடமில்லை, ஒளிய இடமில்லை. அவள் காலணியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"தர்ஷினி, சார் பாட்டு பத்தி எழுதுனது நான்தாம்மா."

"தெரியும் ஆண்டி."

"எப்படித் தெரியும்?"

"சார் பாடுறது எங்க வீட்டுக்குக் கேக்கும், உங்க வீட்டுக்குக் கேக்கும். நான் எழுதல. அப்புறம் வேற யாரு?"

தம்பி, இரண்டு வரிக் கணக்கு. நீ ஒரு மாசமாகப் போடாததை அவள் முதல் நாளே போட்டுவிட்டாள். "அப்ப ஏம்மா நீ சொல்லல?" என்றேன். பையின் வாரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "அம்மாகிட்ட சொன்னேன். ஆண்டிய இழுக்கிறியான்னு அதுக்கும் சேத்து அடிச்சாங்க."

லிஃப்ட்டைத் திறக்க அரை மணி நேரம் ஆனது.

கதவு திறந்ததும் நேராகக் கலா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "சார்கிட்ட சொல்லிட்டீங்களாக்கா?" இன்னும் இல்லை என்றேன். "எங்கிட்ட சொல்லி என்னக்கா ஆவப் போவுது? நோட்டுல எழுதுனத நானா அழிக்க முடியும்? சார் போறதுக்குள்ள சொல்லுங்க." திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய்த் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள். குடிக்க முடியவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதத்தை முதலில் அவர்கள் படிக்கிறார்கள். நான் ஏதாவது ஒன்றைக் குறைத்து எழுதியிருந்தால் அவர்களுக்குத் தெரியும். இன்று சனிக்கிழமை, சந்தையில் கூட்டம், எழுதும்போதே ஜன்னலை முப்பது பேர் தட்டிவிட்டார்கள். ஒரு அம்மாள், "என்னா அக்கா, யாருக்கு லவ் லெட்டரு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மகனுக்கு என்றேன். நம்பவில்லை.

நீ ஜொகூரில் புதுப் பிள்ளைகளுக்குப் புதுப் பலகை திறப்பாய். திற. என்னால் அதை விட்டுவிடாதே. சேர்ந்து எழுதுகிற பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். பெயரில்லாமல் எழுதவும் விடு, கூச்சப்படுகிற பிள்ளைக்கு அது வேண்டும். ஆனால் யாரையும் பலகையிலிருந்து இறக்காதே. எங்கள் வாத்தியார் கோபக்காரர், பிரம்பு எடுக்காத நாளில்லை, ஆனால் ஒரு நாளும் ஒருத்தரையும் புத்தகத்தைச் சுற்றி உட்காராதே என்று சொன்னதில்லை. அப்புறம், நீ நினைத்த விடை சரியாக வந்தால் இன்னொரு தடவை கணக்கைப் பார். உனக்கு நெருக்கமானவர்களை முதலில் சேர்த்துப் பார். இதற்கு மேல் புத்தி இல்லை, கையிருப்பு அவ்வளவுதான்.

திங்கட்கிழமை உனக்கு அந்த வகுப்போடு கடைசிப் பாடம். நோட்டில் எழுதியதை, அவள் பார்க்க, அடித்து எழுது. இந்தக் கடிதத்தைப் பிள்ளைகள் முன்னால் சத்தமாகப் படி. குளியலறைப் பாட்டு வரும் இடத்தில் அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்க விடு. நீ படிக்கச் சங்கடப்பட்டால் நான் படிக்கிறேன். கூண்டுக்கு ஆள் சொல்லிவிட்டேன், ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்தால் பத்துக்கு வகுப்பில் இருப்பேன். இது யார் என்று தலைமையாசிரியை கேட்டால், விட்டுப்போன மாணவி என்று சொல். எனக்கு நாற்காலி தேட வேண்டாம். பின்வரிசையில் ஒரு மேசை இருக்கிறதே, ஒரு தாளும் ஒரு பேனாவுமாக. அது என் இடம். தர்ஷினியை எழுந்து முன்னால் போகச் சொல்.

உன் அம்மா